பதவி துறந்த பாதிரியும் பதினெட்டாயிரம் செடிகளும்

ஜான் ரேயைப் பற்றி அறிவியல் வரலாற்றில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சிக்கு அவர் தாவர வகைப்பாட்டின் முன்னோடி. ஒருவித்திலை, இருவித்திலை என்ற பிரிவினையை நிலைநாட்டியவர், சிற்றினம் என்பதற்குப் பயன்படத்தக்க முதல் இலக்கணத்தைச் சொன்னவர். அவருடைய இறைநம்பிக்கை அந்தக் காலத்து அங்கிதான், அதைக் கழற்றி வைத்துவிட்டுப் படிக்கலாம் என்பது இவர்கள் வாதம். மற்றக் கட்சிக்கு அவர் 1691இல் 'படைப்பின் செயல்களில் வெளிப்படும் கடவுளின் ஞானம்' என்ற நூலை எழுதிய பக்திமான். செடிகொடி ஆராய்ச்சி முழுவதும் அந்த நூலுக்கான முன்தயாரிப்பு என்பார்கள். இரண்டு கட்சியும் மனிதரைப் பாதியாக அறுத்துத் தங்களுக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொள்கின்றன. நம்பிக்கை அவருடைய தாவரவியலுக்கு என்ன செய்தது, தாவரவியல் அவருடைய நம்பிக்கைக்கு என்ன செய்தது என்று அவர் வாழ்க்கையையும் எழுத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், விடை இரண்டு கட்சிக்குமே முழுதாகப் பிடிக்காது.

ரே 1627 நவம்பர் 29 அன்று இங்கிலாந்தின் எசெக்ஸில், பிளாக் நாட்லி கிராமத்துக் கொல்லுப்பட்டறையில் பிறந்தார். தந்தை ரோஜர் இரும்படிக்கும் கொல்லர். தாய் எலிசபெத்துக்கு மூலிகை வைத்தியத்தில் கைராசி உண்டு. நோய்நொடி என்றால் ஊரார் அவரைத் தேடி வருவார்கள். கெட்டிக்காரப் பையன் என்பதால் பதினாறு வயதில் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பப்பட்டார். 1649இல் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினர், அடுத்தடுத்த ஆண்டுகளில் கிரேக்கத்துக்கும் கணிதத்துக்கும் விரிவுரையாளர். கொல்லன் மகனுக்கு அந்த நாளில் இதைவிட உயர்ந்த ஏணி கிடையாது.

1650 வாக்கில் உடம்பும் மனமும் சேர்ந்து தளர்ந்த ஒரு நோய் அவரைப் பிடித்தது. படிப்பைக் குறைத்துக்கொண்டு வெளியே நடக்கவும் குதிரையில் போகவும் வேண்டியிருந்தது. வழியோரத்துச் செடிகள் கண்ணில் பட்டன. இத்தனை நாள் மிதித்துக்கொண்டு போனதை இப்போது நின்று பார்த்தார். சந்தேகம் கேட்கக் கேம்பிரிட்ஜில் செடி தெரிந்தவர் ஒருவருமில்லை. தாமே புத்தகங்களை ஒப்பிட்டு, தாமே வயலிலும் சதுப்பிலும் திரிந்து, 1660இல் கேம்பிரிட்ஜ் சுற்றுவட்டாரத் தாவரங்களின் பட்டியலை லத்தீனில் வெளியிட்டார். 558 தாவரங்கள். இங்கிலாந்தில் ஒரு வட்டாரத்துச் செடிகளை முறையாகத் தொகுத்த முதல் நூல் அது.

அந்தப் பட்டியலில் கோசு வகைச் செடியின் பதிவுக்குக் கீழே, கேட்காமலே ஒரு பூச்சிக் குறிப்பு வருகிறது. 1658இல் ரேயும் நண்பர்களும் அந்தச் செடியிலிருந்து பத்துப் புழுக்களைப் பிடித்து மரப்பெட்டியில் அடைத்தார்கள். சில நாள் தின்றன, பிறகு பெட்டியின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டன. ஏழு புழுக்களின் முதுகையும் விலாவையும் துளைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் முப்பது முதல் அறுபது வரை காலில்லாத வெள்ளைக் குறும்புழுக்கள் வெளிவந்தன. வந்த சூட்டோடு பட்டுக்கூடு நெய்தன. அக்டோபரில் அவற்றிலிருந்து சிற்றெறும்பளவுக் கறுப்பு ஈக்கள் பறந்தன. மிச்சமிருந்த புழுக்கள் மட்டும் கூட்டுப்புழுவாகி ஏப்ரலில் வெள்ளை வண்ணத்துப்பூச்சிகளாயின. ரே இதைப் புரிந்துகொண்ட விதம் தவறு. கம்பளிப்புழுவே குட்டி போட்டது என்று எண்ணினார். ஒரு சிறு குளவி உள்ளே முட்டையிட்டுப் போயிருந்தது என்பது பிறகுதான் தெளிந்தது. ஆனால் அவர் எழுதி வைத்த பார்வையில் பிழையில்லை. இன்றைக்கும் பூச்சியியலார் அந்தப் பத்தியைப் படித்து இன்ன குளவி இது என்று அடையாளம் சொல்ல முடியும். விளக்கம் சறுக்கினாலும் பார்வை நிலைக்கும்படி எழுதும் இந்தப் பழக்கம் கடைசிவரை அவரிடம் இருந்தது.

நம் பக்கத்தில் குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்கும் என்பதைக் குருவுக்கும் சீடனுக்கும் உவமையாகச் சொல்லி வருகிறோம். ஐரோப்பாவிலும் விலங்குகளும் செடிகளும் இப்படித்தான் நெடுங்காலம் நீதிக்கதைகளாக இருந்தன. 1676இல் வந்த 'பறவையியல்' நூலில் அந்தச் சின்னங்களையும் அறக்கதைகளையும் கட்டுக்கதைகளையும் வேண்டுமென்றே விட்டுவிட்டதாக ரே முன்னுரையில் அறிவித்தார். மூளை மாதிரி இருக்கும் கொட்டை மூளைக்கு மருந்து என்கிற உருவ ஒற்றுமை வைத்தியத்தையும் அவர் ஏற்கவில்லை. பக்தர்தான், ஆனால் இலையில் கடவுள் நமக்கு மருந்துச்சீட்டு எழுதி வைத்திருக்கிறார் என்று நம்பும் பக்தர் அல்ல. பீட்டர் ஹாரிசன் என்ற வரலாற்றாசிரியர் 1998இல் எழுதிய நூலில், விவிலியத்தை நேர்ப்பொருளில் மட்டும் படிக்கவேண்டும் என்ற சீர்திருத்தச் சபையாரின் பிடிவாதமே இயற்கையையும் உருவகமாகப் பார்க்காமல் பொருளாகப் பார்க்கப் பழக்கியது என்று வாதிட்டார். ரேயை வைத்துப் பார்த்தால் அந்த வாதத்தில் கணிசமான உண்மை இருக்கிறது.

1660 டிசம்பரில் ரே குருப்பட்டம் பெற்றார். இரண்டே ஆண்டில் அது பயன்படாமல் போயிற்று. உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1643இல், ஆயர்கள் ஆட்சியை ஒழிப்பதாகப் பலர் ஓர் உடன்படிக்கைச் சத்தியம் செய்திருந்தார்கள். மன்னராட்சி திரும்பியபின் வந்த 1662ஆம் ஆண்டுச் சட்டம், அந்தச் சத்தியம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று குருமாரும் கல்லூரி உறுப்பினர்களும் ஒப்பமிட வேண்டும் என்றது. கெடு ஆகஸ்ட் 24. ரே அந்தச் சத்தியத்தைச் செய்தவரே அல்ல. ஒப்பமிட்டால் அவருக்கு நஷ்டமில்லை. ஆனால் பிறர் கடவுளை முன்னிறுத்திச் செய்த சத்தியம் செல்லாது என்று தாம் எப்படிச் சொல்வது என்று மறுத்தார். கல்லூரிப் பதவி போயிற்று, பிரசங்க மேடையும் போயிற்று. ஏறத்தாழ 2,000 குருமார் வெளியேற்றப்பட்ட காலம் அது. வெளியேறிய பலர் தனிச்சபை கண்டார்கள். ரே இங்கிலாந்துத் திருச்சபையை விட்டு விலகவில்லை, சாதாரண உறுப்பினராகவே கடைசிவரை இருந்தார்.

அவருடைய அறிவியலைப் புரிந்துகொள்ள இந்தச் சம்பவத்தை நான் 'ஞானம்' நூலைவிட முக்கியமாகக் கருதுகிறேன். தமக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் கையெழுத்திட மறுத்த அதே மனம்தான் பின்னால் செடிகளின் முன்னும் நின்றது. இதற்குச் சாட்சி சீக்கிரமே கிடைத்தது. பின்னாளில் செஸ்டர் ஆயரான ஜான் வில்கின்ஸ் உலகப் பொதுமொழி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். உலகத்துப் பொருள்களையெல்லாம் சமச்சீரான அட்டவணைகளில் அடக்கவேண்டும், ஒவ்வொரு பிரிவுக்கும் ஒன்பது உட்பிரிவு என்ற கணக்கில். செடிகளின் அட்டவணையை ரே செய்து கொடுத்தார். 1668இல் நூல் வெளிவந்தது. ஆக்ஸ்போர்டின் ராபர்ட் மோரிசன் அதைக் கடுமையாகத் தாக்கினார். ரே நண்பர் மார்ட்டின் லிஸ்டருக்கு எழுதிய கடிதத்தில் வெட்கப்படுகிறார். இயற்கை காட்டிய வழியில் போகாமல், நூலாசிரியர் வகுத்த சட்டத்துக்குச் செடிகளை வளைக்க வேண்டியதாயிற்று என்பது அவர் குறை. திட்டம் அழகாக இருந்தாலும், அதைக் கேட்டவர் பெரிய மனிதராக இருந்தாலும், செடி அப்படி இல்லையென்றால் இல்லைதான்.

வேலையிழந்தவரைத் தாங்கியவர் பழைய மாணவரும் செல்வந்தருமான பிரான்சிஸ் வில்லோபி. 1663 முதல் 1666 வரை ரே ஐரோப்பாவைச் சுற்றினார். நெதர்லாந்து, ஜெர்மனி, இத்தாலி, சிசிலி, மால்டா, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ். விலங்குகளை வில்லோபியும் தாவரங்களை ரேயும் எழுதுவது என்பது ஒப்பந்தம். 1672இல் வில்லோபி 36 வயதில் இறந்தார். ரேக்கு ஆண்டுக்கு 60 பவுண்டு எழுதி வைத்திருந்தார். ரே அந்தக் கடனை எப்படி அடைத்தார் என்பது தனிக்கதை. நண்பர் விட்டுப்போன குறிப்புகளை எடுத்து, பெரும்பகுதியைத் தாமே எழுதி, பறவை நூலையும் மீன் நூலையும் வில்லோபியின் பெயரிலேயே வெளியிட்டார். 1686இல் வந்த மீன் நூல் விற்காமல் ராயல் சொசைட்டியின் கஜானாவைக் காலி செய்தது. மறு ஆண்டு நியூட்டனின் 'பிரின்சிப்பியா'வை அச்சிடச் சங்கத்திடம் பணமில்லை, எட்மண்ட் ஹாலி கைக்காசு போட்டார். ஹாலிக்குச் சம்பள பாக்கியாகக் கொடுக்கப்பட்டதும் அந்த மீன் புத்தகப் பிரதிகள்தான்.

1679இல் தாய் இறந்தபின் ரே பிளாக் நாட்லியில், டியூலண்ட்ஸ் என்ற தம் வீட்டுக்குக் குடும்பத்தோடு திரும்பினார். அதற்குப் பிந்திய கால்நூற்றாண்டில்தான் பெரிய நூல்கள் எல்லாம் வந்தன. 1682இல் 'புதிய தாவர முறை' நூலில், முளைக்கும் விதையில் ஓர் இலையா இரண்டு இலையா என்பதை வகைப்பாட்டின் அடிப்படைகளில் ஒன்றாக்கினார். பூ, காய், விதை, இலை, வேர் என்று ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் பலவற்றைச் சேர்த்துப் பார்ப்பது அவர் முறை. லின்னேயஸ் 1735இல் மகரந்தத்தாள்களை எண்ணி வகுத்த எளிய முறை உலகத்தை ஆண்டது உண்மை. ஆனால் 1789இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜுஸ்யூ இயற்கைக் குடும்பங்களை அமைத்தபோது வித்திலைக்கே திரும்பினார். இன்றைய மரபணு ஆய்வு இருவித்திலைத் தாவரங்கள் ஒரே கிளை அல்ல என்று காட்டிவிட்டது. ஒருவித்திலைப் பிரிவு மட்டும் அசையாமல் நிற்கிறது.

1686இலும் 1688இலும் 1704இலும் மூன்று பெருந்தொகுதிகளாக வந்த 'தாவர வரலாறு' ஏறத்தாழ 18,600 தாவரங்களைப் பேசுகிறது. செப்புத்தகட்டுப் படம் போடப் பணமில்லை, எல்லாம் சொல்லாலேயே வரையப்பட்டவை. மலபார் செடிகளைப் பற்றிய வான் ரீடின் 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' ஆம்ஸ்டர்டாமிலிருந்து வரவர அதையும் எடுத்துச் சேர்த்துக்கொண்டார். மூன்றாம் தொகுதிக்கு உதவிய லண்டன் மருந்துக்கடைக்காரர் ஜேம்ஸ் பெட்டிவருக்குச் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் அறுவை மருத்துவர் சாமுவேல் பிரௌன் நம் ஊர்ச் செடிகளை உலர்த்தி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. முதுமையில் எசெக்ஸ் கிராமத்தில் கால்புண்ணோடு உட்கார்ந்திருந்த ஒருவர் உலகத்துச் செடிகளையெல்லாம் கணக்கெடுக்க முடிந்தது இப்படி வந்த செடிகளாலும் நூல்களாலும்தான்.

சிற்றின இலக்கணம் வருவது 1686ஆம் ஆண்டுத் தொகுதியில். விதை வழியாக மாறாமல் தொடரும் குணங்களே சிற்றினத்தைக் காட்டும், ஒரே விதையிலிருந்து வரும் பேதங்கள் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் தற்செயலானவை என்பது அதன் சாரம். படைப்பு முடிந்துவிட்டது, இனங்கள் கடவுள் வகுத்தவை என்ற நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது. ஆனால் ரே அங்கேயே முரணான செய்தியையும் பதிகிறார். லண்டனில் ஒருவர் விற்ற காலிபிளவர் விதையில் சாதாரணக் கோசு முளைத்து, விவகாரம் நீதிமன்றம் வரை போயிற்று. இனம் நிலையானதுதான், ஆனால் இம்மியும் பிசகாதது என்று சொல்ல முடியாது என்று எழுதினார். அவருக்குப் பின்வந்தவர்கள் சிலர் இந்த அளவுகூட விட்டுக்கொடுக்கவில்லை. மரம், பூண்டு என்று உயரத்தை வைத்துப் பிரிக்கும் பழைய வழக்கத்தையும் அவர் கடைசிவரை கைவிடவில்லை. அது வகைப்பாட்டில் அவருடைய பெரிய பிழை. அதற்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை, கிரேக்க மரபு விட்டுப்போன மிச்சம். ரேயின் குறைகளை எல்லாம் பக்தியின் கணக்கில் எழுதுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

'ஞானம்' நூலுக்கு வருவோம். கேம்பிரிட்ஜ் தேவாலயத்தில் இளமையில் ஆற்றிய உரைகளை முப்பதாண்டு கழித்து விரித்து எழுதியது. தலைப்பின் கரு 104ஆம் சங்கீதம். நாவால் பிரசங்கிக்க வழியில்லாதவன் கையால் எழுதியாவது திருச்சபைக்குத் தொண்டு செய்யலாமே என்று முன்னுரையில் சொல்கிறார். பிழைப்புப் பறிபோன முப்பதாண்டுக்குப் பிறகும் அந்த வாக்கியத்தில் கசப்பு இல்லை. விண்மீன் முதல் விதைவரை, கண்ணின் அமைப்பு முதல் பறவையின் கூடுவரை, எல்லாம் திட்டமிட்டுப் பொருந்தியிருக்கின்றன, ஆகவே திட்டமிட்டவர் உண்டு என்பது நூலின் ஓட்டம். ரே உயிரோடிருக்கும்போதே நான்கு பதிப்புகள் வந்தன. வில்லியம் பேலி 1802இல் எழுதிய 'இயற்கை இறையியல்' இதிலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டது. பேலியைக் கேம்பிரிட்ஜில் ரசித்துப் படித்த மாணவர்களில் ஒருவர் சார்லஸ் டார்வின்.

நூலின் பலவீனம் விளக்கத்தில் இருக்கிறது. பேன் எதற்காகப் படைக்கப்பட்டது? அழுக்குத் துணியைத் தேடிக் குடியேறும் அதன் இயல்பு, மனிதர் அசுத்தமாக இருப்பதைத் தடுக்கக் கடவுள் செய்த ஏற்பாடு என்கிறார் ரே. இதைப் படித்துச் சிரிக்காமல் இருப்பது கடினம். சுத்தம் போதிக்க வேறு வழி சர்வ வல்லவருக்குத் தோன்றவில்லையா? எதற்கும் ஒரு பயன் கற்பிக்கலாம் என்ற இந்த வசதிதான் திட்டவாதத்தின் நோய். டேவிட் ஹியூம் 1779இல் வெளியான உரையாடல் நூலில் வாதத்தின் அடிமரத்தையே வெட்டினார். ரே அதற்குப் பதில் சொல்லும் நிலையில் இல்லை, இறந்து எழுபதாண்டுக்கு மேலாகியிருந்தது.

ஆனால் அதே நூலில் வேறு பக்கங்களும் இருக்கின்றன. விலங்குகள் உணர்வற்ற இயந்திரங்கள் என்று தெக்கார்த்தைப் பின்பற்றியவர்கள் சொல்லிக்கொண்டிருந்த நாள் அது. அடிபட்ட நாய் கதறுவது கதறல்தான் என்றார் ரே. கால்நடையிடம் இரக்கம் காட்டுவது நல்லவனின் குணம் என்று விவிலியம் சொல்வதை எடுத்துக்காட்டி, வலியே இல்லாத பொருளிடம் என்ன இரக்கம் என்று மடக்கினார். உலகம் முழுவதும் மனிதனுக்காகவே படைக்கப்பட்டது என்ற பொதுக் கருத்தையும் மறுத்தார். வெறுங்கண்ணுக்குத் தெரியாத விண்மீன்கள் யாருக்காக? ஒவ்வோர் உயிரும் தானும் வாழத்தான் படைக்கப்பட்டது என்பது அவர் கட்சி. இயற்கையை மனிதனின் உடைமையாக்கிச் சீரழித்தது மேற்கின் கிறிஸ்தவம்தான் என்று லின் வைட் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதை ஒப்புவிப்பவர்கள் ரேயின் இந்தப் பக்கங்களை ஒருமுறை படிக்க வேண்டும்.

கடவுள் ஒவ்வொரு புல்லையும் தம் கையாலேயே முளைக்க வைக்கிறார் என்றும் ரே நினைக்கவில்லை. கேம்பிரிட்ஜ் தத்துவவாதி ரால்ஃப் கட்வொர்த்திடமிருந்து ஒரு கருத்தை எடுத்துக்கொண்டார். கடவுளுக்குக் கீழ்ப்பட்டு இயற்கையில் ஓர் உருவாக்கும் சக்தி வேலை செய்கிறது. அதனால்தான் வளர்ச்சி மெதுவாக நடக்கிறது, சில நேரம் ஊனமும் பிழையும் நேர்கின்றன. விஞ்ஞானமாக இது தேறாது. ஆனால் இயற்கையில் பிழை உண்டு என்பதை மறைக்காமல் அதற்கு இடம் தேடிய நேர்மை அதில் இருக்கிறது.

அந்த நேர்மை மிகவும் நெருக்கடிக்குள்ளானது பூமியின் வயதில். 1663இல் ப்ரூஜ் நகரத்தருகே மண்ணுக்கடியில் புதைந்து கிடந்த காடு பற்றி அறிந்தார். நிலம் கடலாகி, மறுபடி நிலமாக எவ்வளவு காலம் வேண்டும்? உலகத்துக்கு வழக்கமாகச் சொல்லப்பட்ட வயது 5,600 ஆண்டுகூட இல்லையே என்று வியப்போடு எழுதினார். 1690களில் வேல்ஸ் மலைப்பள்ளத்தாக்கில் உருண்டு கிடக்கும் பாறைகளைப் பற்றியும் கல்லில் கிடைக்கும் உயிர் எச்சங்களைப் பற்றியும் இயற்கையியலாளர் எட்வர்ட் லுய்டுடன் கடிதப் போக்குவரத்து. அந்தச் சாட்சியங்களின் கணக்கைத் தொடர்ந்தால் விவிலியம் சொல்லும் இளம் உலகத்துக்கு அதிர்ச்சி தரும் முடிவுகளில் கொண்டுபோய் விடும் என்று ரே ஒப்புக்கொள்கிறார். கல்லில் காணும் சங்குச்சுருள்கள் உயிரினங்களின் எச்சம்தான் என்று தொடக்கத்தில் உறுதியாகச் சொன்னவர், அப்படியானால் அந்த இனங்கள் அழிந்துபோயின என்றாகுமே, கடவுளின் பராமரிப்பில் ஓரினம் அழியுமா என்று தயங்கினார். ஆராயாத ஆழ்கடலில் இன்னும் உயிரோடு இருக்கலாம் என்று சமாதானம் தேடினார். அந்தச் சமாதானம் அவருக்கே முழுதாகப் போதவில்லை, கடைசிவரை ஊசலாடினார். நம்பிக்கை அவரை நிறுத்திய இடம் இது, சந்தேகமில்லை. எந்த இடத்தில், எதற்காக நின்றார் என்பதை அவரே எழுதி வைத்ததால்தான் நமக்கு அது தெரிகிறது.

பத்துப் பெட்டிப்புழுக்களைப் பார்த்த அந்தக் கண் 1667 ஜூனில் ஒரு மண்குளவியைப் பார்த்தது. தன்னைவிட மும்மடங்கு பெரிய பச்சைப் புழுவைக் குளவி ஏறக்குறைய 15 அடி இழுத்து வந்தது. முன்பே தோண்டி வைத்த வளையின் வாயிலிருந்த மண்ணுருண்டையை அகற்றியது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து புழுவை இழுத்துக்கொண்டு இறங்கியது. தனியாக ஏறி வந்து மண்கட்டிகளை ஒவ்வொன்றாக உருட்டிப் போட்டது, நாய் பறிப்பதுபோல முன்னங்கால்களால் புழுதியைப் பின்னுக்குத் தள்ளியது. நிரவி முடித்தபின் இரண்டு ஊசியிலைகளை எடுத்து வாயருகே வைத்தது, இடத்தை அடையாளம் காண என்று ரே ஊகித்தார். இதற்கு நெருங்கிய ஒரு கொடுமையை, உயிருள்ள புழுவுக்குள் முட்டையிடும் குளவிகளை, 1860இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் டார்வின் குறிப்பிடுகிறார். கருணையுள்ள கடவுள் இதைத் திட்டமிட்டிருப்பார் என்று தம்மால் ஏற்க முடியவில்லை என்கிறார். ரேக்கு வியப்பு, டார்வினுக்கு அருவருப்பு. குளவிகள் வேறு, புழுவின் கதி ஒன்றுதான்.

கடைசி ஆண்டுகளில் கால்புண் நடமாட்டத்தை முடக்கியது. நான்கு மகள்கள் தோட்டத்திலிருந்து கம்பளிப்புழுக்களைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், கொண்டுவந்தவள் பெயரையே ரே புழுவுக்குச் சூட்டிக் குறித்துக்கொள்வார். கூண்டிலிருந்த ஒரு பெண் அந்துப்பூச்சியைத் தேடி இரவில் சன்னல் வழியாக வந்த ஆண்பூச்சிகளை மனைவி மார்கரெட் பிடித்தார். வாசனைதான் அழைத்திருக்க வேண்டும் என்று ரே எழுதினார். 1698 தொடக்கத்தில், இரட்டையரில் ஒருத்தியான மேரி பதின்மூன்று வயதில் நோயில் இறந்தாள். லண்டன் மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோனிடம் கேட்ட யோசனையும் காப்பாற்றவில்லை. ரே அவருக்கு எழுதிய கடிதத்தில் துக்கம் மறைக்கப்படவில்லை. பேனுக்குக் காரணம் கண்டுபிடித்தவர் இதற்குக் காரணம் எதையும் கண்டுபிடிக்க முயலவில்லை.

1942இல் சார்லஸ் ரேவன் எழுதிய வாழ்க்கை வரலாறுதான் ரேயை மறதியிலிருந்து மீட்டது. ரேவன் கேம்பிரிட்ஜின் இறையியல் பேராசிரியர், பறவைப் பித்தர். ரேயிடம் சமயமும் அறிவியலும் பிளவில்லாமல் ஒன்றாக இருந்தன என்பது அவர் தீர்ப்பு. எனக்கு அது கொஞ்சம் தாராளமாகப் படுகிறது. பிளவு இருந்தது, லுய்டுக்கு எழுதிய கடிதமே சாட்சி. படைப்பு மதிக்கத்தக்கது, ஆகவே பொறுமையாகப் பார் என்று சொன்ன நம்பிக்கை அவரைப் பெரிய தாவரவியலாளராக்கியது. பார்த்ததற்கெல்லாம் கடவுளின் நோக்கம் சொல் என்று கேட்ட நம்பிக்கை பேன் பத்தியைத்தான் தந்தது.

ரே 1705 ஜனவரி 17 அன்று டியூலண்ட்ஸில் இறந்தார், பிளாக் நாட்லி தேவாலய முற்றத்தில் அடக்கமானார். பூச்சி நூல் 1710இல், அவர் இல்லாமல் வெளிவந்தது. 'ஞானம்' நூல் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தேடிப் படிப்பவர்கள் விண்மீன்களில் தொடங்கி அலுத்துப்போக வேண்டாம், நாயின் கதறல் வரும் பக்கங்களுக்கு முதலில் போங்கள்.